பதிலுக்கு விட்ட இடம்

சென்ற மாதம் நஸீரா என் வீட்டுக்கு வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சுகாதாரப் பகுதியில் என் வேலைக்கு வந்த பிள்ளை. மாத்தளை டவுன்காரி, கெட்டிக்காரி. என் காலத்தில் ஜீப்பின் கூரையில் இரண்டு ஊதல் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் டாக்டரின் ஆலோசனைகளைப் போட்டுக் காட்டுவோம். அந்த நாடாக்களை எல்லாம் இப்போது ஒரே சீடியில் அடக்கப் போகிறாளாம்.

"அங்கிள், நாடாவுல இடைக்கிடை ஒண்டும் பேசாம சும்மா ஓடுது. அதையெல்லாம் வெட்டிட்டேன். நல்லாச் சுருங்கிட்டு" என்றாள். பிறகு, "இன்னொண்டு கேக்கணும். முதல் ஆறு நாடாவுலயும் பின்னால மணிக்கூடு ஓடுற சத்தம் கேக்குது, மணியும் அடிக்குது. ஏழாவதுல இல்ல. அது ஏன்?"

இத்தனை வருடத்தில் அதைக் கவனித்தவர் ஒரே ஒருவர்தான். இவள் இரண்டாவது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்து உட்காரச் சொன்னேன். சொல்லி முடித்தபோது, இதை எழுதி வையுங்கள் என்றாள். எழுதுகிறேன். முதல் ஆறு நாடாவில் பேசுகிறவர் டாக்டர். ஏழாவதில் பேசுகிறவன் நான். ஆனால் குரல் அவருடையது.

என் கதை சுருக்கம்தான். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீட்டில், பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. டவுனில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தேன். கலியாணம், சாவு, கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் அதே ஸ்பீக்கர், அதே வயர். ரேடியோவைப் பிரித்துப் பூட்டியது, சாமான் சுற்றிவந்த பத்திரிகைத் தாளில் எழுத்துக் கூட்டியது எல்லாம் அங்கேதான். ஆட்கள் பேசுவதைக் கேட்பதென்றால் எனக்குச் சோறு வேண்டாம். ஒருவர் பேசினால் அவர் போன பிறகு அதே மாதிரி பேசிக் காட்டுவேன். முதலாளி சிரிப்பார். அது பின்னால் எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் சுகாதாரப் பகுதிக்கு ஒரு ஜீப் வந்தது. தோட்டங்களில் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்துக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல ஆள் இல்லை. ஒலிபெருக்கி தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை எடுத்தார்கள். பேசுவதற்கு டவுனில் சொந்த டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர். பெயரை எழுதவில்லை, அவருடைய மனைவிக்கு அது பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிஸ்பென்சரியில்தான் ஒலிப்பதிவு. கதவையும் யன்னலையும் சாத்துவார். மேசையில் தடித்த துவாயை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் மைக்கை வைக்கச் சொல்வார். சுவரோரம் ஆள் உயர மணிக்கூடு ஒன்று இருந்தது. "அதைக் கொஞ்சம் நிப்பாட்டலாமாங்க, சத்தம் விழுது" என்று முதல் நாளே கேட்டேன்.

"வேண்டாம். அது ஓடட்டும். நான் உயிரோடை இருக்கிற மனிசன் எண்டு சனத்துக்குத் தெரியவேணும்" என்றார்.

எழுதி வைத்து வாசிக்கமாட்டார். எதிரே ஒரு தாய் பிள்ளையோடு நிற்கிற மாதிரி நாற்காலியைப் பார்த்துப் பேசுவார். "பிள்ளைக்கு வயித்தாலை போகுது. நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். ஒரு கையின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்குவார். நாடா சும்மா ஓடும், மணிக்கூட்டின் டிக் டிக் மட்டும் விழும். ஐந்தாவது விரல் மடங்கியதும், "நல்லது. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்று தொடங்குவார்.

நாடா வீணாகப் போகிறதே என்று எனக்குக் கவலை. கேட்டேன்.

"ஒரு மனிசரிட்டைக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல இடம் விடவேணும் தம்பி. இடம் விடாமல் பேசுறது ரேடியோ. நான் ரேடியோ இல்லை."

பெரிய மனுசன், நல்ல மனுசன். ஆனால் ஒரு குணம் இருந்தது. தான் பிழை விட்டதாக ஒத்துக்கொள்ளவே மாட்டார். முதலாம் நாடாவில், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்று சொல்ல வேண்டியவர், அரை மேசைக்கரண்டி உப்பு என்று சொல்லிவிட்டார். பயந்து பயந்து சொன்னேன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

திருப்பிப் போட்டுக் காட்டினேன். அவர் குரலே சொல்லிற்று. கொஞ்ச நேரம் மெஷினையே முறைத்துப் பார்த்தார். "உம்மடை மெஷின் பிழையா எடுத்துப்போட்டுது. திரும்ப எடும்."

உள்கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்தார். "கவலைப்படாதையும் தம்பி. எங்கடை கலியாண எழுத்திலை தேதியைப் பிழையா எழுதிப்போட்டு, கலண்டர் பிழை எண்டவர் இவர்." டாக்டர் அதைக் கேட்காத மாதிரி கண்ணாடியைத் துடைத்தார்.

இப்படி ஆறு நாடா. ஒன்று வயிற்றோட்டம். இரண்டு பூச்சி மருந்து. மூன்று காய்ச்சல். நான்கு சளி, பிள்ளை மூச்சு வாங்கினால் எப்படிக் கவனிப்பது. ஐந்து பெரியவர்களுக்கு, பிரஷரும் சீனி வருத்தமும் வாய்ப்புண்ணும். ஆறு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு. அந்த ஆறாவதில், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது, கொஞ்ச நேரம் கழித்துக் குடியுங்கள் என்று சொல்வார். அதைப் போட்ட ஒரு தோட்டத்தில் கொழுந்துக்கூடையோடு நின்ற பொம்பளை ஒருத்தி, "தேயிலையிலேயே பொறந்து தேயிலையிலேயே சாகுறோம், எங்களுக்கே தேத்தண்ணி கூடாதாக்கும், நல்லா இருக்கு ஞாயம்" என்றாள். டாக்டரிடம் வந்து சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அவ கேக்கிறது சரி. ஆனால் நான் சொன்னது பிழையில்லை" என்றார்.

ஜனங்கள் அந்த இடைவெளிகளை எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் கூடும் நேரத்தில், நாடாவைப் போடுவேன். "விளங்கிச்சோ?" என்று குரல் கேட்கும். எல்லோரும் சேர்ந்து "வெளங்குச்சுங்க" என்பார்கள். "நல்லது" என்று குரல் சொல்லும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கு அது பேச்சுவார்த்தை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழர்களின் கடையும் வீடுமாக டவுன் எரிந்தது. டாக்டரும் மனைவியும் பக்கத்து முஸ்லிம் வீட்டில் ஒளிந்திருந்து, பிறகு அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு பிள்ளைக்குக் கடும் மூச்சிழுப்பு. டிஸ்பென்சரியில் ஏதாவது மருந்து மிஞ்சியிருக்கும், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று மறுநாள் காலையில் நடந்து போனார். போனவர் வரவில்லை. பார்த்தவர் ஒருவரும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. மனைவி நாலைந்து வாரம் காத்திருந்துவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். டிஸ்பென்சரியில் மிஞ்சியது சுவர் மட்டும்தான். மணிக்கூடும் போயிற்று. ஆறு நாடாவும் மெஷினும் அந்த வாரம் என் வீட்டில் இருந்ததால் தப்பின.

சில மாதம் கழித்து மறுபடி ஜீப்பை எடுக்கச் சொன்னார்கள். ட்ரைவர் சுமணே, சிங்கள ஆள், தமிழ் நன்றாகப் பேசுவான். முதலில் போனது ரிவர்ஸ்டன் போகும் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு. காலை ஏழு மணி இருக்கும். மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி. ஜீப்பின் முன்பக்கம் நின்றால் பின்பக்கம் தெரியாது. எதிரே களத்தில் ஆட்கள் நிற்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை. நான் முதலாம் நாடாவைப் போட்டேன்.

டிக் டிக் என்று மணிக்கூடு ஓடிற்று. எரிந்துபோன மணிக்கூடு. "பிள்ளைக்கு வயித்தாலை போகுது. நீங்கள் என்ன செய்வீங்கள்?" என்றது குரல்.

பனிக்குள்ளிருந்து, ஒரு ஆளையும் காணாமல், முப்பது நாற்பது குரல் ஒன்றாக வந்தது. "உப்பும் சீனியும் கலந்த தண்ணி குடுப்போமுங்க."

"நல்லது" என்றார் டாக்டர்.

சுமணே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். நாடா முடிந்ததும் பனிக்குள்ளிருந்து கங்காணித் தாத்தா ஒருவர் வந்தார். "ஸ்பீக்கரண்ணே, டாக்டரய்யாவுக்கு ஒண்ணும் ஆவலையே? டவுனுல என்னென்னவோ சொன்னாங்க. கொரலக் கேட்டப்பறந்தான் உசுரு வந்துச்சு."

"இது பழைய நாடாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் இரண்டாந்தரம் சொல்லவில்லை. அப்படித்தான் அது தொடங்கிற்று. அதற்குப் பிறகு டாக்டர் செத்துவிட்டார் என்று எந்தத் தோட்டத்திலும் ஒருவரும் பேசவில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் இருந்துகொண்டு பேசுகிறார், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் எல்லா ரோட்டிலும் சோதனைச் சாவடி. அலுவிகாரைக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை ஜீப்பை மறித்தார்கள். தமிழில் என்ன ஒலிபரப்புகிறீர்கள், போட்டுக் காட்டு என்றார்கள். போட்டேன். நாலு சிப்பாய்கள் துவக்கோடு சுற்றி நின்று கேட்டார்கள். "விளங்கிச்சோ?" என்றது குரல். ஒருவரும் பேசவில்லை. டிக் டிக் என்று ஓடிற்று. அந்த அமைதி தாங்காமல் சுமணே, "வெளங்கிச்சி சேர்" என்றான். "நல்லது" என்றது குரல். சிப்பாய்களில் ஒருவன் ஒரு அடி பின்னால் போனான்.

"யார் இந்த ஆள்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"டாக்டர். இப்போது இல்லை" என்றான் சுமணே.

"இல்லாத ஆள் ஏன் கேள்வி கேட்கிறான்?"

ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த தடியைத் தூக்கி எங்களை விட்டுவிட்டார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது என் பிழை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்லக்கூடாது. நுளம்பால் வரும் டெங்குக் காய்ச்சலாக இருந்தால் அந்தக் குளிசை உடம்புக்குள் இரத்தம் கசிவதை இன்னும் மோசமாக்கும். விஷயம் இதுதான்.

மூன்றாம் நாடாவில் டாக்டர் ஆஸ்பிரின்தான் சொல்லியிருந்தார். அவர் பேசிய காலத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாடாவை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். நிறுத்தவில்லை. புதிதாகப் பேச ஒரு டாக்டரைத் தேடவேண்டும், பார்ப்போம், அடுத்த மாதம் செய்வோம் என்று சுற்றறிக்கையை ஃபைலில் போட்டேன். உண்மையைச் சொன்னால், அவர் குரலில் கத்தரி வைக்க மனம் வரவில்லை. அது ஒரு மனிதனை இரண்டாவது தடவை கொல்வது மாதிரி இருந்தது. அந்த நினைப்பில் ஐந்து மாதம் போயிற்று.

மேல் டிவிசனில் பாக்கியம் என்று ஒரு பிள்ளை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நாடா போட்டால் முன்வரிசையில் நின்று முதலில் பதில் சொல்கிறவள் அவள்தான். மற்றப் பொம்பளைகள், "இவளுக்கு டாக்டரய்யா தனியாப் பரீட்சை வக்கிறாரு" என்று கேலி பண்ணுவார்கள். அவளுக்கு ஒரே மகள், சுதா, நாலு வயது. ஜீப்பைக் கண்டால் ஓடிவந்து ஸ்பீக்கருக்குக் கீழே நின்று "நல்லது" என்று டாக்டர் மாதிரியே சொல்லும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மேல் டிவிசனுக்குப் போனோம். காய்ச்சல் பரவுகிற நேரம், மூன்றாம் நாடாவைப் போடுங்கள் என்று தோட்டத்தில் கேட்டிருந்தார்கள். சுற்றறிக்கை நினைவுக்கு வந்தது. இன்றைக்கு ஒரு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். போட்டேன்.

பனி இல்லை. மெல்லிய தூறல். ஆட்கள் தலையில் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றார்கள். பாக்கியம் முன்வரிசையில் இல்லை. பின்னால், களத்துச் சுவர் ஓரமாகத் தனியே நின்றாள். யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை. சுதாவைக் காணவில்லை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், ஆயம்மாவிடம் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாடாவின் கடைசியில் டாக்டர் ஒரு பரீட்சை மாதிரிக் கேட்பார். "இப்ப சொல்லுங்கோ பாப்பம். பிள்ளைக்குக் காய்ச்சல் காயுது. என்ன குளிசை குடுப்பீங்கள்?"

வழக்கமாக எல்லோரும் சொல்வார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மணிக்கூடு ஓடிற்று. மூன்றாவது விரல் மடங்கியிருக்கும் நேரத்தில் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளிடம் சொல்கிற மாதிரி.

"நீங்க சொன்ன குளுசையத்தாங்க ஐயா குடுத்தேன்."

"நல்லது. அதுதான் சரி" என்றார் டாக்டர். மணிக்கூடு பதினொன்று அடித்தது. நாடா முடிந்தது.

ஆயம்மாதான் என்னை ஒரு பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். சுதா டவுனில் பெரியம்மா வீட்டுக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல். பாக்கியம் கடையில் ஆஸ்பிரின் வாங்கி, டாக்டர் சொன்ன மாதிரியே பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நல்லாகிவிட்டது என்று சந்தோசப்பட்டிருக்கிறார்கள். அன்றைக்கே பல் முரசில் இரத்தம், கை கால் குளிர்ந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். ஒன்பது நாளைக்கு முன்பு அடக்கம் பண்ணியாயிற்று. யார் குளிசை கொடுக்கச் சொன்னது என்று ஆஸ்பத்திரியில் கேட்டதை, மாமியார் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். தாயே பிள்ளைக்கு விஷம் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு.

நான் ஜீப்புக்குத் திரும்பியபோது பாக்கியம் அங்கே நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. அதற்குப் பதிலாக இருந்ததைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கொஞ்சம் தெளிவு.

"எல்லாரும் என்னய ஏசுறாங்கண்ணே. மாமியா சோறு கூடப் போடுறது இல்ல. ஆனா ஐயா சரின்னு சொல்லிட்டாரு. கேட்டீங்கதானே? எல்லாரும் கேட்டாங்க. எனக்கு அது போதுங்க."

என்ன சொல்வது? ஆமாம் என்றால் அடுத்த காய்ச்சலுக்கு இன்னொரு பிள்ளை. இல்லை என்றால் இவள். ஜீப்பில் ஏறிவிட்டேன். மலையிறங்கிக் கீழே வந்ததும் சுமணே, "இனி அந்த நாடா போட்டா நான் ஜீப் ஓட்டமாட்டேன்" என்றான்.

மறுநாளே மூன்றாம் நாடாவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அடுத்த தோட்டத்தில் நானே மைக்கைப் பிடித்து, ஆஸ்பிரின் வேண்டாம், பரசிட்டமோல்தான் என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் கேட்டார்: "ஸ்பீக்கரண்ணே, நீங்க வயர் கட்டுறவரு. டாக்டரய்யா வேற மாதிரியில்ல சொன்னாரு. அவருகிட்ட கேட்டீங்களா?" சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இரண்டு வாரம் கழித்து அதே தோட்டத்துக் கடையில் விசாரித்தேன். ஆஸ்பிரின்தான் போகிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரிடம் போனேன். சொல்ல வேண்டியது என்ன என்று சரியாக எழுதித் தரச் சொன்னேன். சிங்களத்தில் எழுதித் தந்தார். தமிழாக்கி இன்னொருவரிடம் சரிபார்த்தேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. அதற்குப் பிறகு நான் செய்தது எந்த ஒழுங்கிலும் சேராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு யன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். மேசையில் துவாயை நாலாக மடித்தேன். எதிரே நாற்காலி போட்டேன். பதினைந்து பதினாறு வருடம் கேட்ட குரல். எந்த இடத்தில் மூச்சு விடுவார், எந்த இடத்தில் தொண்டையைச் செருமுவார் என்பதெல்லாம் என் நெஞ்சுக்குள் இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது.

"பிள்ளையள் வைச்சிருக்கிற தாய்மார் எல்லாரும் கேளுங்கோ. காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் குடுக்கக்கூடாது. பரசிட்டமோல் மட்டும். எவ்வளவு எண்டதைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலை பிள்ளையின்ரை நிறையைப் பாத்துக் கேளுங்கோ. கஞ்சி, இளநீர், ஜீவனிப் பக்கற்றைக் கரைச்ச தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. காய்ச்சல் விட்ட உடனை நிம்மதியா இராதேங்கோ. அந்த ரெண்டு நாளும்தான் கவனம். வயித்து நோ, சாப்பிட்டதெல்லாம் ஓயாமல் சத்தி எடுக்கிறது, முரசிலை ரத்தம், கை கால் குளிருது எண்டால், ஒண்டும் யோசியாமல் ஆசுப்பத்திரி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதித் தந்தது அவ்வளவுதான். ஆனால் நாற்காலியில் பாக்கியம் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. குரல் நிற்கவில்லை.

"முந்தி நான் ஆஸ்பிரின் குடுக்கச் சொன்னனான். அது பிழை. என்ரை சொல்லைக் கேட்டுக் குடுத்த தாயிலை ஒரு பிழையும் இல்லை. அவவை ஒருத்தரும் ஏசக்கூடாது. பிழை என்ரை. விளங்கிச்சோ?"

ஐந்து விரலையும் மடக்கினேன். "நல்லது" என்றேன்.

கதவைத் திறந்தபோது என் மனைவி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு நின்றாள். "யாருங்க வந்திருக்காங்க?" என்று என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று கண்டதும் அவள் முகம் மாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினால் உங்கள் குரல்தானா என்று கவனிக்க வேண்டியிருக்கிறது என்றாள்.

ஏழாம் நாடாவை மேல் டிவிசனில்தான் முதலில் போட்டேன். அன்றும் பனி. "பிழை என்ரை" என்ற இடம் வந்தபோது எங்கோ ஒரு பொம்பளை "ஐயோ சாமி" என்றது மட்டும் கேட்டது. "விளங்கிச்சோ?" என்றது குரல். ஐந்து எண்ணிக்கைக்குள் யாரும் பேசவில்லை. "நல்லது" என்றது. அதற்குப் பிறகுதான், வெறும் காற்றைப் பார்த்து, பாக்கியம் சொன்னாள்.

"வெளங்குச்சுங்க ஐயா. ஐயா மேலயும் ஒரு தப்பும் இல்லீங்க. தெரிஞ்சா செஞ்சீங்க?"

நான் ஜீப்பின் மறுபக்கம் போய் நின்றேன்.

அவள் மாமியார் அன்றைக்கே அவளை வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட்டதாக ஆயம்மா பிறகு சொன்னாள். கடையில் ஆஸ்பிரின் போவது நின்றது. ஆனால் புறப்படும்போது அந்தக் கங்காணித் தாத்தா ஜீப் யன்னலில் கையை வைத்தார்.

"எல்லாம் சரிங்க. மணிதான் அடிக்கல்லையே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "ஐயா இப்ப இருக்கிற எடத்துல மணிக்கூடு இல்ல போல."

டாக்டர் புதிதாகப் பேசியிருக்கிறார் என்ற கதை மலையிறங்கிற்று. ரத்தோட்டை, மாத்தளை, அங்கிருந்து இன்னும் எங்கெங்கோ. நான் அதை யோசிக்கவே இல்லை.

ஆறேழு மாதம் கழித்து, காலை பத்து மணிபோல, என் வீட்டு வாசலில் டாக்டருடைய மனைவி நின்றார். தலை முழுக்க வெள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தங்கை வீட்டுக்கு வந்து இருந்தாராம். பழைய நோயாளி ஒருவரைக் கடைத்தெருவில் கண்டபோது, டாக்டர் தோட்டத்தில் புதுசாகப் பேசுகிறாராமே என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு துணிப்பை.

"இவருக்கு ஒரு சோடி உடுப்பு கொண்டுவந்தனான். எங்கை தம்பி இருக்கிறார்?"

உட்காரச் சொன்னேன். உண்மையைச் சொல்வதைத் தள்ளிப்போட்டேன். "முதல்ல கேளுங்கம்மா" என்று ஏழாம் நாடாவைப் போட்டேன்.

குரல் தொடங்கியதும் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆஸ்பிரின், பரசிட்டமோல், கஞ்சி. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே கேட்டார். "அது பிழை" என்றது குரல். தலையாட்டுவது நின்றது. "பிழை என்ரை" என்றதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நாடா முடியும்வரை அந்தப் பார்வையை எடுக்கவில்லை.

"இது அவரில்லை" என்றார்.

"நான்தாம்மா. என்னய மன்னிச்சுருங்க."

"குரல் அவற்றை குரல்தான். மூச்சுக்கூட அவற்றை மூச்சு. ஆனால் அவர் பிழை எண்டு சொல்லமாட்டார் தம்பி. இருபத்தொரு வருசம் குடும்பம் நடத்தினனான். ஒரு நாளும் சொன்னதில்லை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றறிக்கை, சுதா, பாக்கியம், அந்த "அதுதான் சரி". முடிந்ததும், "அந்தத் தாய் இதைக் கேட்டவவோ?" என்றார்.

"கேட்டாங்க."

"அவ உயிரோடை இருக்கிறவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

பிறகு மெஷினைக் காட்டினார். "இன்னொருக்கா அந்த இடத்தைப் போடும்" என்றார். திருப்பிப் போட்டேன். "இன்னொருக்கா." மூன்று தடவை போட்டேன். மூன்றாவது தடவை "விளங்கிச்சோ?" என்று குரல் கேட்டபோது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "விளங்குது. இப்பவாவது சொன்னீங்களே" என்றார்.

"நல்லது" என்றது என் குரல்.

பையிலிருந்து இஸ்திரிப் பெட்டி போட்ட வெள்ளைச் சட்டையையும் காற்சட்டையையும் எடுத்து மேசையில் வைத்தார். "உமக்கு அளவா இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அந்த உடுப்பு என் அலுமாரியில் இருக்கிறது. போட்டுப் பார்த்ததில்லை. அளவாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பாக்கியம் மூன்று வருடத்துக்கு முன் காலமாகிவிட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நஸீராவிடம் இரண்டு விஷயம் சொல்லியனுப்பினேன். ஏழாவதில் என் பெயரைப் போடு. வெட்டிய இடங்களை எல்லாம் திரும்ப வை. அவை சும்மா ஓடுகிற இடம் இல்லை. போன கிழமை அவள் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்து போட்டுக் காட்டினாள். மூன்றாம் நாடாவைச் சீடியில் சேர்க்கவில்லை. தனியாக எனக்கு மட்டும் ஒரு தட்டில் எடுத்து வந்திருந்தாள். "என்ன குளிசை குடுப்பீங்கள்?" என்ற இடம் வந்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

"ஏன் அங்கிள்?"

"அந்தப் புள்ள பேசுது பாரு. நீ நாடாவுல அதைக் கேக்கலையா?"

அவள் திருப்பிப் போட்டுக் காதை வைத்துக் கேட்டாள். மணிக்கூட்டின் டிக் டிக் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை என்றாள். அவள் சொல்வதுதான் சரி. அந்த நாடா பாக்கியம் பிறந்து கொஞ்ச வருடத்தில், கதவு சாத்திய அறையில் எடுத்தது. அதில் அவள் குரல் இருக்க வழியில்லை.

நான் எழுந்து வெளியே போய் நின்றேன். உள்ளே அவள் மறுபடி போட்டாள். ஐந்து எண்ணினேன். "நல்லது. அதுதான் சரி" என்று டாக்டர் சொல்வது வாசல்வரை கேட்டது.